சூறையனின் குத்து யாருக்கு வலித்தது

போன வாரம், நம் ஆபீஸுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்து, "சார், ஒரு பக்கத்தை நல்லா வரைஞ்சிருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அதன்பிறகு எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. இத்தனை வருடம் பார்த்த வேலையைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஒரு வாய் பதில் இல்லையே என்று ஒரு கவலை. சொல்லாமல் விட்டால் அந்தத் தம்பி என்ன நினைப்பாரோ என்று இன்னொரு கவலை. சொல்லி, அது தப்பாகி, அதை நம்பி நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு மோசமான புத்தகத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்பது மூன்றாவது. பேசினால் திரும்ப எடுக்க முடியாது, எழுதினால் அடித்துத் திருத்தலாம். அதனால் எழுதுகிறேன்.

நம் வேலையைப் பற்றி வெளியே சொன்னால் யாருக்கும் விளங்காது. பெண் பார்க்கப் போன வீட்டில் என் மாமனார் கேட்டார்: "மாப்பிள்ளை என்ன வேலை பாக்குதீரு?" சித்திரக்கதைக்கு வரைந்து வருகிற படம் தேறுமா தேறாதா என்று பார்க்கிறேன் என்றேன். அவர் தன் அண்ணனைப் பார்த்து, "பறக்குத ஆளைப் பாக்குததுக்குச் சம்பளமாம்" என்றார். பெண் கொடுத்தது அவர் பெருந்தன்மை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படம் வரையத் தெரியாது. பாளையங்கோட்டையில் நம் ஆபீஸ் இருந்த பழைய கட்டடத்தில் அச்சான தாள்களை மடித்து அடுக்குகிற வேலைக்குத்தான் வந்தேன். அங்கிருந்து இந்த வேலைக்கு என்னைக் கொண்டுவந்தது ஒரு ஆடு.

சூறையன் அப்போது புது நாயகன். கயத்தாறுப் பக்கம் காற்றாலையில் வேலை பார்த்து, ஒரு புயலில் மாட்டிக்கொண்டு, காற்றைக் கைக்குள் அடக்குகிற சக்தி கிடைத்தவன். ஒரு கதையில் இடிந்து விழுகிற பாலத்தை அவன் தோளில் தாங்குவான். முதல் கட்டத்தில் பாலத்துக்குக் கீழே ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அடுத்த கட்டத்தில் பாலம் சரிகிறது. அதற்கடுத்த கட்டத்தில் சூறையன் தாங்குகிறான், ஜனங்கள் கைதட்டுகிறார்கள். ஆட்டைக் காணோம். தாளை மடிக்க மடிக்க எனக்கு அதே நினைப்பு. பொறுக்க முடியாமல் முதலாளியிடம் போய்விட்டேன். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

"அண்ணாச்சி, அந்த ஆடு என்னாச்சு?"

"எந்த ஆடுவே?"

"பாலத்துக்குக் கீழ நின்னுச்சே. நசுங்கிட்டுதா?"

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒமக்கு எதுக்குவே ஆட்டு மேல இம்புட்டு அக்கறை?"

"அக்கறை இல்ல அண்ணாச்சி. பயமா இருக்கு."

மறுநாள் தாள் மடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "வரஞ்சு வாரதை எல்லாம் நீரு மொதல்ல பாரும். எங்கன பயப்படுதீரோ அங்கன பென்சில்ல ஒரு வட்டம் போடும். மத்ததை நான் பாத்துக்கிடுதேன்." வேலையைப் பற்றி எனக்கு அவர் சொன்னது அவ்வளவுதான். தசை, எலும்பு, தூரம், வெளிச்சம் எல்லாம் நீங்கள் படித்துவிட்டு வருகிறீர்கள், நல்லது. நான் பயப்பட மட்டும்தான் கற்றுக்கொண்டேன். அதையும் கற்றுக்கொள்ளவில்லை, கூடவே பிறந்தது.

இன்னொரு பழக்கம் நானாகப் பிடித்துக்கொண்டது. வசன பலூன்களை எல்லாம் காகிதத் துண்டால் மூடிவிட்டுப் பக்கத்தைப் பார்ப்பது. பேச்சில்லாமல் கதை புரிகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. கட்சிக்கு கட்-அவுட் வரைந்து பழகிய ஒருவர் நம்மிடம் கொஞ்ச நாள் வரைந்தார். அவர் பக்கங்களில் பேச்சை மூடிவிட்டுப் பார்த்தால் சூறையன், வில்லன், வில்லனின் அடியாட்கள், வழியில் போகிற பால்காரர் வரைக்கும் எல்லோரும் நம்மைப் பார்த்து வலது கையை உயர்த்திக்கொண்டு நிற்பார்கள். யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியாது. எல்லோரும் ஓட்டுக் கேட்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

இதெல்லாம் சுலபமான தப்புகள். கண் இருந்தால் போதும். நான் சொல்ல உட்கார்ந்தது செல்வின் விஷயம்.

செல்வின் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்தவன். சூறையனை வரையவேண்டும் என்ற ஆசையில் வேலையை விட்டுவிட்டு நம்மிடம் வந்தான். மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருக்கிற வீடு. ஆளைப் பார்த்தால் சூறையனைவிடத் திடமாக இருப்பான். பேசினால் பக்கத்து அறைக்குக் கேட்காது. அவன் ஆறு வரைந்தால் தாள் ஈரமாக இருக்கிறதா என்று நான் தொட்டுப் பார்ப்பேன். மருத மரம் வரைந்தால் அடியில் போய் உட்காரலாம் போலிருக்கும். கொக்கு வரைந்தால் சத்தம் போடாமல் பக்கத்தைத் திருப்புவோம்.

சண்டை மட்டும் வராது.

காரணம் இதுதான். சின்ன வயதிலிருந்து அவன் சர்ச்சில் குழந்தைகளுக்கு நடக்கிற விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் படம் வரைந்து பழகியவன். மனந்திரும்புகிறவர்கள், மன்னிக்கிறவர்கள், கண்ணில் நீரோடு வானத்தைப் பார்க்கிறவர்கள். கை அதிலேயே ஊறிப்போயிருந்தது. சூறையன் பாறைமண்டையன் என்கிற கொடூரனைத் தாடையில் குத்துகிறான் என்று எழுதிக் கொடுத்தால், சூறையன் முகத்தில் "வேறு வழியில்லை, மன்னித்துக்கொள்" என்று ஒரு வருத்தம் இருக்கும். பாறைமண்டையன் முகத்தில் "எனக்கு இது வேண்டியதுதான்" என்று ஒரு சமாதானம் இருக்கும். விழும்போதுகூட கையைக் கூப்பினாற்போல விழுவான்.

கம்ப்யூட்டரில் வண்ணம் போடுகிற பாத்திமா காயல்பட்டினத்துப் பெண். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டது.

"அண்ணே, இவனுக்கு நான் என்ன கலர் போட? அடிவாங்குனவன் மாதிரியா இருக்கான்? நோம்பு தொறக்க உக்காந்தவன் மாதிரில்ல இருக்கான்."

வாசகர்களும் சும்மா இருக்கவில்லை. "பாறைமண்டையன்தான் திருந்திவிட்டாரே, ஏன் இன்னும் அவரைப் போட்டு அடிக்கிறீர்கள்?" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். புத்தகக் கண்காட்சிக்குச் சிறப்பிதழ் வரவேண்டிய நேரம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டை உடைக்க வருகிற பாறைமண்டையனை சூறையன் ஒரே குத்தில் முடிக்கிற கதை.

"ஏன்வே, சூறையன் புஸ்தகம் வாங்குதவன் சண்டை பாக்க வாரானா, ஞானஸ்நானம் பாக்க வாரானா?"

"சண்டைதான் அண்ணாச்சி."

"அப்பம் இந்தக் குத்து வலிக்கணும். வலிக்கலன்னா மதுரையில ஒருத்தர்ட்ட பேசி வச்சிருக்கேன், அவரு வரையட்டும். செல்வினை நிறுத்திக்கிடுவோம். வலிக்கா வலிக்கலையான்னு நீருதான் பாத்துச் சொல்லணும்."

மதுரைக்காரரின் படங்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் ஆட்களின் முஷ்டி தேங்காய் அளவு இருக்கும். கதையில் ஆறு வந்தால் ஒரு நீலக் கோட்டை இழுத்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் குத்து குத்தாகத்தான் இருக்கும், அதில் குறை சொல்ல முடியாது. செல்வினிடம் போய்ச் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். "பள்ளிக்கூடத்துல என் இடத்துக்கு வேற ஆளு வந்துட்டாரு அண்ணே" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவன் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சண்டையையே பார்க்காதவன் எப்படிச் சண்டை வரைவான் என்று எனக்குத் தோன்றியது. அவனைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட் பக்கம் போனேன். நம் அதிர்ஷ்டம், போனதுமே ஒரு மினி லாரியும் ஒரு ஆட்டோவும் உரசிக்கொண்டன. இரண்டு டிரைவர்களும் இறங்கினார்கள். செல்வின் பென்சிலை எடுத்தான்.

"ஏலே, கண்ணு தெரியுதா இல்லையாலே ஒனக்கு?"

"தெரிஞ்சதாலதாம்லே பிரேக்கு போட்டேன். இல்லன்னா நீ இப்பம் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில கெடப்பே."

"அடிச்சேன்னா பல்லு எகிறிரும்."

"அடிலே பாப்போம்."

"அடிப்பேன்."

"அடி."

"நீ என்னைத் தொடு, அப்பம் அடிக்கேன்."

"நீ மொதல்ல தொடுலே."

இருவரும் மூக்கோடு மூக்கு நிற்கிறார்கள். நான் இரண்டு அடி பின்னால் நகர்ந்து செல்வின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். இதோ விழப்போகிறது, இதோ விழப்போகிறது என்று பார்த்தால் லாரிக்காரர், "எந்த ஊருலே நீ, இந்த வாய் பேசுதே?" என்றார். "கருங்குளம்" என்றார் ஆட்டோக்காரர். "கருங்குளத்துல யாரு வீடு?" அவர் சொன்னார். லாரிக்காரரின் அத்தையைக் கட்டிக்கொடுத்த வீடாம் அது. கொஞ்ச நேரத்தில் இருவரும் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். செல்வின் வரைந்திருந்ததை வாங்கிப் பார்த்தேன். சண்டையைக் காணோம். டீ குடிப்பதை அற்புதமாக வரைந்திருந்தான்.

அடுத்ததாக, நாமே நடித்துப் பார்ப்போம் என்று பாத்திமா சொன்னது. ஆபீஸ் வராந்தாவில் செல்வின் சூறையனாக நின்றான், நான் பாறைமண்டையன். பாத்திமா போனில் படம் பிடிக்கத் தயாராக நின்றது.

"அண்ணே, வலிச்சா சொல்லிருங்க."

"இன்னும் நீ கையையே ஓங்கலியேலே."

"மொதல்லயே கேட்டுக்கிடுதேன்."

அவன் கையை ஓங்கினான். எனக்குக் கண் தானாக மூடிக்கொண்டது. அந்தக் கை என் தாடைக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது என்று அப்புறம் சொன்னார்கள். நான் அதற்குள் கத்திவிட்டேன். என் சத்தத்தைக் கேட்டு அவனும் கத்திவிட்டான். போனில் விழுந்திருந்த படத்தை பாத்திமா பெரிதாக்கிக் காட்டியது.

"ரெண்டுபேரும் சாவு வீட்டுக்கு வந்தவிய மாதிரில்லா இருக்கிய."

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி படியேறி வந்தார். கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற என்னையும், அழுகிற நிலையில் நிற்கிற சூறையனையும் பார்த்தார். தன் அறைக்குள் போய்விட்டார். கதவை எப்போதையும்விட மெதுவாகச் சாத்தினார்.

சண்டை வரவில்லையே தவிர, இடத்தையாவது நேரில் பார்த்து வரைய வேண்டுமே. இருவரும் பஸ் ஏறி ஸ்ரீவைகுண்டம் போனோம். ஆடிக் காற்று. அணைக்கட்டில் ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் துணிகள் காய்ந்தன, அதற்கப்பால் வாழைத்தோப்பு. செல்வின் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தான். நான் அவன் வழுக்கிவிடுவானோ என்று பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

திடீரென்று ஒரு பெருங்காற்று வந்தது. காய்ந்த சேலைகள் கொடியை விட்டுக் கிளம்பின. குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஓ என்று சத்தம் போட்டார்கள். தோப்பில் இலைகள் கிழிகிற சத்தம் கேட்டது. கொக்குகள் மொத்தமாக எழும்பின. ஒரு அம்மா தண்ணீர் வாளியை விட்டுவிட்டுத் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றது. எல்லாம் ஒரு மூச்சுவிடுகிற நேரம்தான். செல்வினைப் பார்த்தேன். அவன் காற்றுக்கு முகத்தைத் திருப்பவே இல்லை. கை பாய்ந்துகொண்டிருந்தது. அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை.

பஸ் வருவதற்குள் டீக்கடையில் உட்கார்ந்து அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தேன். உள்பக்கமான இடம், காற்று கொஞ்சமும் இல்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டீ மாஸ்டர் என்னைப் பார்த்து, "என்ன பெரியவரே, வேட்டி நழுவுதா?" என்றார். அப்போதுதான் கவனித்தேன். என் இடது கை வேட்டியை இறுக்கிப் பிடித்திருந்தது.

அந்த இடத்தில் எனக்கு ஒன்று விளங்கியது. அவனிடம் இல்லாததையே இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

"லே செல்வின், சூறையன் குத்துததை நீ வரைய வேண்டாம்."

"குத்து இல்லாமச் சண்டையாண்ணே?"

"கையைப் பின்னால இழுக்கதோட நிறுத்திரு. பக்கத்தைத் திருப்புனா இதைப் போடு. இந்தக் காத்தை. இதைவிடப் பெருசா."

"பாறைமண்டையன் எங்க நிக்கான்?"

"எங்க நிக்கான்? நிக்கல. மணல்ல அவன் கால்தடம் ரெண்டு மட்டும் போடு."

"அப்பம் அவன் மூஞ்சி?"

"வரையாண்டாம்."

பாறைமண்டையன் முகத்தில் செல்வின் வழக்கமாக வரைகிற நிம்மதி இப்போது செல்வின் முகத்திலேயே வந்துவிட்டது.

சொன்ன நாளில் பக்கங்கள் வந்தன. வலது பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் சூறையன் கையைப் பின்னால் இழுக்கிறான். அவன் மேலங்கி, தண்ணீர், மணல் எல்லாம் அந்தக் கையை நோக்கி இழுபடுகின்றன. அந்தப் பக்கத்தைத் திருப்பினால் இரண்டு பக்கமும் விரிந்து ஒரே படம். கரை நெடுக வாழைத்தோப்பு ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. முட்டுக் கொடுத்த கம்புகள் முறிந்து பறக்கின்றன. சேலைகள், வாளிகள், கொக்குகள். நடுவில் இரண்டு பெரிய கால்தடம், அதில் தண்ணீர் ஊறுகிறது. தூரத்தில், வல்லநாட்டு மலை இருக்கிற திசையில், மேகத்தில் ஒரு ஓட்டை.

அண்ணாச்சி ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏன்வே, கையை ஓங்குதான். பொறவு தோப்பு சாஞ்சு கெடக்கு. குத்து எங்க?"

"நடுவுல இருக்கு அண்ணாச்சி."

"எந்த நடுவுல?"

"பக்கத்தைத் திருப்புதோம்லா, அந்த நடுவுல."

"அங்கன ஒண்ணும் அச்சடிக்க முடியாதேவே!"

பாத்திமா சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. "இவனுக்குக் குத்து வரையத் தெரியல. ரெண்டுபேருமாச் சேந்து அதை மறைச்சிட்டிய. அதானே?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. தம்பிகளே, இந்த வேலையில் கஷ்டம் இங்கேதான் இருக்கிறது. மோசமான படத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. பிடித்த ஆள் வரைந்த படத்தைப் பார்க்கும்போது, பிடித்திருப்பது படமா ஆளா என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். செல்வின் வீட்டில் அந்தப் பெண் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் என்னை மாமா என்று கூப்பிடுவார்கள். அந்த இரக்கம் என் கண்ணில் ஏறி உட்கார்ந்திருக்கிறதோ? அண்ணாச்சியின் புத்தகம் விழுந்தால் நாங்கள் எல்லோரும்தானே தெருவுக்கு வருவோம்?

ஒரு நிமிஷம் கேட்டேன். பக்கங்களை மேசையில் வைத்து, இதை மதுரைக்காரர் வரைந்து அனுப்பியிருக்கிறார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பலூன்களை மூடினேன். கை ஓங்கியது. பக்கத்தைத் திருப்பினேன். குனிந்து பார்த்தேன். இடது கை வேட்டியில் இருந்தது. மனசு பொய் சொல்லும், கண்ணும் சொல்லும். ஆனால் அந்தக் கைக்கு யார் வரைந்தது என்று தெரியாது. அது யார் வீட்டுக் குழந்தைகளையும் யோசிப்பதில்லை.

"வலிக்கு அண்ணாச்சி. அச்சுக்குப் போகலாம்."

"பொறுப்பு ஒம்மதா?"

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், சாரல் அடித்தால் ஷட்டரை இறக்குவது என் பொறுப்பாகிவிடுமே என்று உள்ளே தள்ளி உட்காருகிறவன் நான்.

"எம்பொறுப்புதான்."

"புஸ்தகம் போகலன்னா செல்வின் இல்ல. தெரியும்லா?"

"தெரியும்."

கண்காட்சியில் முதல் நாள் மோசம். ஒரு பையன் எங்கள் கடையில் சிறப்பிதழை எடுத்து மளமளவென்று புரட்டினான். "சண்டையே இல்லப்பா" என்று அவன் அப்பாவிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டுப் போனான். அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர் ரொம்பச் சிரமப்பட்டார். கொஞ்ச நேரத்தில் போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே போய்ப் பேசினார். "மதுரை" என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. செல்வின் அதைக் கேட்காதது போல புத்தகங்களை நேராக அடுக்கினான். அடுக்கியதையே திரும்ப அடுக்கினான்.

மறுநாள் மத்தியானம், வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக வாட்டசாட்டமான ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக எங்கள் கடைக்கு வந்தார். கையில் சிறப்பிதழைக் குழலாகச் சுருட்டிப் பிடித்திருந்தார். பிடித்திருந்த பிடியைப் பார்த்ததும் நான் புத்தக அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"யாருவே இங்கன முதலாளி?"

"நான்தான். சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் எங்கள் அண்ணாச்சி.

"இது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுதானே?"

"ஆமா, கதையில..."

"கதையா? இது எந்தோப்புவே! அந்தா பாரும், மோட்டார் ரூம்பு. செவத்துல வெடிப்பு. ஓட்டு மேல கெடக்க டயரு. எல்லாம் என்னது. எம்மவ நேத்து வாங்கிட்டு வந்து காமிச்சா. சோத்துல கை வச்சவன் எந்திரிச்சிட்டேன். குலை தள்ளி நிக்க வாழை! ஒரு கம்பு மிச்சமில்லாம அம்புட்டையும் சாய்ச்சுப்புட்டானே, படுபாவி!"

"சூறையன் நல்லவன் அண்ணாச்சி. பாறைமண்டையன்தான் கெட்டவன். அணையை ஒடைக்க வந்தவன்."

"ஒங்க கெட்டவன் அவம்பாட்டுக்கு அணையில நின்னான். என் வாழையத் தொட்டானா? தொட்டது ஒங்க நல்லவன்தான்."

"வேணும்னு செய்யல..." என்று இழுத்தார் அண்ணாச்சி.

"வேணும்னு செய்யலியா? நான் ரெண்டு கண்ணால பாத்தேன்வே. கையை இப்படி இழுத்து, அவன் தாடையில ஒரே குத்து! தாடை கோணிப்போயி, பல்லு ரெண்டு தெறிச்சு, அவன் அப்படியே மேல போறான். எனக்கே தாடை வலிச்சுது. அந்தக் குத்தைக் கொஞ்சம் பைய குத்துனா என்ன? அந்த வேகத்தை எந்தோப்பு தாங்குமா?"

பாத்திமா பில் போடுவதை நிறுத்திவிட்டது. நான் அடுக்குக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினேன்.

"பல்லு தெறிச்சுச்சா?" என்றார் அண்ணாச்சி பைய. "அந்தப் படத்தைக் கொஞ்சம் காட்டுங்க."

"இந்தா." அவர் புத்தகத்தை விரித்தார். சூறையன் கையை ஓங்குகிறான். திருப்பினார். தோப்பு சாய்ந்து கிடக்கிறது. முன்னால் திருப்பினார். கை ஓங்கியது. பின்னால் திருப்பினார். தோப்பு. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று விரலை நக்கித் தேய்த்துப் பார்த்தார். புத்தகத்தை உதறினார்.

"இங்கனதான இருந்துச்சு."

மேசையிலிருந்து வேறு ஒரு பிரதியை எடுத்துப் புரட்டினார். அதிலும் இல்லை. இன்னொன்று. எங்களை ஒவ்வொருவராகச் சந்தேகத்தோடு பார்த்தார். "எவனோ அந்தப் பக்கத்தை மட்டும் உருவிட்டான்வே. நேத்து பாத்தேன். எம்மவளும் பாத்தா."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். செல்வின் இதற்குள் அந்தத் தோப்புக்காரர் முன்னால் போய்க் கையைக் கூப்பிக்கொண்டு நின்றான். "மன்னிச்சிருங்க அண்ணாச்சி. அந்த வாழையைச் சாய்க்கும்போது எனக்கே மனசு கேக்கல..."

"நீ சும்மா இருலே" என்றார் எங்கள் அண்ணாச்சி. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அடுத்த இதழ்ல சண்டையை எங்கன வைக்கப்போறே, அதைச் சொல்லு."

செல்வின் அண்ணாச்சியைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். தோப்புக்காரர்தான் முந்திக்கொண்டார்.

"ஆத்துக்கு அக்கரையில வையி. அங்கன எம்மச்சான் தோப்பு. கம்பு ஊனுன்னு சொன்னா கேக்காம, கஞ்சத்தனம் புடிச்சவன். அவனுக்குப் பைய எல்லாம் வேண்டாம். நல்லாவே குத்தச் சொல்லு."

சொல்லிவிட்டு மச்சானுக்குக் காட்டவென்று இன்னொரு பிரதியை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். போகும் வழியில் நின்று, அதையும் ஒருமுறை விரித்துப் பார்த்தார்.

செல்வின் அக்கரையைப் பார்த்து வருகிறேன் என்று அன்றைக்கே பஸ் ஏறிவிட்டான். நான் பாத்திமாவிடம் போய், அந்த மச்சான் எப்படிப்பட்ட ஆளாக இருப்பார், இவரைவிட உயரமாக இருப்பாரோ என்று கேட்க ஆரம்பித்தேன்.